வாலுக்குப் பின்னாடி ஒரு வெள்ளைக் கறை

புதுசா வேலைக்கு வந்திருக்குற உங்க எல்லாருக்கும் வணக்கம்பா. வந்து ஒரு வாரம் கூட ஆகல, அதுக்குள்ள உங்க புகார் என் காதுக்கு வந்துடுச்சு. ஒரு பறவைக்கு எதுக்கு இத்தனை போட்டோ அனுப்புறாங்க, அதுல முக்காவாசி குப்பை, ஒண்ணுல பாதி ரெக்கை, ஒண்ணுல கரண்டு கம்பி, ஒண்ணுல வெறும் வானம், நல்லதா ஒண்ணே ஒண்ணு அனுப்பினா கொறைஞ்சா போயிடுவாங்கன்னு கீழ டீக்கடையில நின்னு பேசிக்கிட்டீங்களாமே. பேசினவங்க யாருன்னு எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க.

நான் ரிட்டயர்டு ஆனவ. இந்த ஆபீசுல எனக்கு இப்ப ஒரு நாற்காலி கூட கெடையாது. ஆனாலும் கடைவீதிப் பக்கம் வந்தா மாடி ஏறாம வூட்டுக்குப் போக மாட்டேன். அதனாலதான் உங்ககிட்ட பேசச் சொல்லி என்னைப் புடிச்சு உக்கார வச்சிருக்காங்க. கம்ப்யூட்டர்ல எந்தப் பட்டனை அமுக்கணும்னு நான் சொல்லப் போறதில்ல, அது என்னை விட உங்களுக்கு நல்லாவே தெரியும். நான் சொல்லப் போறது ஒரு கறையப் பத்தி.

நம்ம வேலை என்னா? பீல்டுல இருக்குறவங்க ஏரி, குளம், வெள்ளாத்தங்கரை, மண்ணு எடுத்த பள்ளம்னு வெயில்ல நடந்து பறவைய போட்டோ எடுத்து அனுப்புறாங்க. அது எங்கயோ தூரத்துல எள்ளு அளவுக்குப் பறந்துக்கிட்டு இருக்கும். இங்க ஃபேனுக்கு அடியில உக்காந்து அது என்னா பறவைன்னு சொல்றது நம்ம வேலை. நாம சொன்ன பேருதான் ரிப்போர்ட்டுல ஏறும். சொல்றதுக்கு சுலபமா இருக்குது இல்ல? உக்காந்து பாருங்க, ஒரு மாசத்துல மைனாவுக்கும் மூணாவது வூட்டு மாமாவுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு ஆயிடும்.

நான் இந்த வேலைக்கு வந்ததே ஒரு கூத்து. அதுக்கு முன்னாடி கடைவீதியில ஒரு ஸ்டுடியோவுல பிரிண்டு போட்டுக்கிட்டு இருந்தேன். கல்யாணப் பொண்ணு மூஞ்சியில பரு இருந்தா எடுக்கணும், மாப்பிள்ளை சட்டையில வேர்வை தெரிஞ்சா எடுக்கணும், பின்னாடி யாராவது கொட்டாவி வுட்டா அவங்களையே எடுத்துடணும். எடுக்குறது, தொடைக்கிறது, பளபளன்னு ஆக்குறது, அதுதான் பொழப்பு. எல்லார் கையிலயும் போன் வந்ததும் ஸ்டுடியோவுக்கு ஆளு வரல. அப்பதான் இந்த பறவைக் கணக்கெடுப்பு ஆபீசு மாடியில வந்துது. மங்கலான போட்டோவப் பாத்துப் பழகின ஆளு வேணும்னாங்க, நான் ஏறி வந்துட்டேன். அன்னைக்கு எனக்குக் காக்கா, கோழி, கொக்கு தவிர வேற எதுவும் தெரியாது. இத நான் வெக்கப்பட்டுச் சொல்லல, நீங்க தைரியமா இருக்கணும்னு சொல்றேன்.

அப்ப இங்க ஹெட்டா இருந்தவரு நல்ல மனுசன். பறவைன்னா பைத்தியம். ஆனா அவசரம். ஒரு தடவ பழமலைநாதர் கோயில் கோபுரத்துக்கு மேல வெள்ளையா ஒண்ணு பறக்குற மாதிரி போட்டோ வந்துது. அரிவாள்மூக்கன்னு அவரு, கொக்குன்னு நான். காலையில ஆரம்பிச்ச சண்டை, மத்தியானச் சோறு வரைக்கும் போச்சு. கழுத்து வளைஞ்சிருக்குது பாரும்மான்னு அவரு, கழுத்து மடங்கியிருக்குது சார்னு நான். சாப்பிட்டுட்டு வந்து அடுத்த போட்டோவத் தொறந்தோம். அதுல ஜவுளிக்கடை பேரு தெளிவா படிக்க முடிஞ்சுது. அவரு கழுத்துன்னு சொன்னது காத்துல பறந்த பையோட கைப்பிடி. நாங்க ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல கீழ கடைக்காரரு என்னமோ ஏதோன்னு மேல ஓடி வந்துட்டாரு. அன்னைக்கு ஒண்ணு புரிஞ்சுது எனக்கு. ஒரு போட்டோவ வச்சு நாள் பூரா சண்டை போடலாம், அடுத்த போட்டோ இருந்தா சண்டையே வராது.

ஆனா ஹெட்டுக்கு அது புரியல. ஆளுக்கு ஒரு பறவைக்கு ஒரு போட்டோ, அதுவும் நல்லா இருக்குறதா அனுப்பணும்கறதுதான் அவரோட சட்டம். அந்த சட்டத்த மீறின ஒரே ஆளு நூர்ஜஹான்.

நூரு யாருன்னு இப்ப உங்களுக்குத் தெரியும், உங்களை வெயில்ல ஓட ஓட விரட்டுற பீல்டு மேடம். அப்ப அவ இங்க ட்ரையல்ல இருந்தா. பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னதா ஒரு பீங்கான் கடை வச்சிருந்தாங்க, கப்பு, ஜாடி, பூந்தொட்டி, கொஞ்சம் கோணலாப் போனது கம்மி வெலைக்கு. மாமியார் கடையப் பாத்துக்குவாங்க, இவ கழுத்துல ஒரு பழைய கேமராவ மாட்டிக்கிட்டு பள்ளம் பள்ளமா சுத்துவா. வூட்டுக்காரரு பஷீரு குவைத்துல. கல்யாணம் ஆனதுல இருந்தே அங்கதான், லீவுக்கு வருவாரு, கொழந்தை அப்பான்னு பழகுறதுக்குள்ள கெளம்பிடுவாரு. நூரு என்கிட்ட ஒரு நாள் சொன்னா, இந்த வேலை நிரந்தரமாச்சுன்னா அவங்கள வந்துடச் சொல்லிடுவேங்க்கா, கடைய அவங்க பாத்துக்கட்டும், இனிமே வீடியோ கால்ல குடும்பம் நடத்த முடியாதுன்னு. இத சொல்லும்போது அவ சிரிக்கல.

இருந்தது ஒரு போஸ்ட்டு. ட்ரையல்ல ரெண்டு பேரு. இன்னொருத்தரு சேத்தியாத்தோப்புக்காரரு, நல்ல பையன், பெரிய கேமரா, தெனம் ஒரு பறவைக்கு ஒரு போட்டோ, காலண்டர்ல போடலாம் போல அனுப்புவாரு. நூரு ஒரு பறவையப் பாத்தா அமுக்கின பட்டனை வுட மாட்டா, ஒரு கொத்தா வந்து விழும். கலங்கினது, பாதி வெட்டினது, பறவையே இல்லாததுன்னு எல்லாமே அனுப்புவா. ஏம்மா, குப்பைத்தொட்டின்னு நெனச்சுக்கிட்டியா எங்களன்னு ஹெட்டு போன்லயே சத்தம் போடுவாரு. எது முக்கியம்னு நான் எப்படி சார் அங்க நின்னுக்கிட்டு முடிவு பண்றதுன்னு அவ பதில் சொல்லுவா. திங்கக்கெழமை யாருன்னு சொல்லிடுறேன்னு ஹெட்டு சொல்லியிருந்தாரு. யாருன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

அது கத்திரி வெயில் நேரம். பள்ளமெல்லாம் வத்திப் போயி வெடிச்சுக் கெடக்குது. வெள்ளிக்கெழமை நூருகிட்ட இருந்து வழக்கம் போல ஒரு கொத்து போட்டோ. ஜங்ஷனுக்கு அந்தாண்ட பீங்கான் கம்பெனிங்களுக்குப் பின்னாடி எடுத்தது. ஹெட்டு சலிச்சுக்கிட்டே தொறந்தாரு. மூணாவது போட்டோவுல அப்படியே நின்னுட்டாரு.

பெரிய பறவை. தலை வெள்ளை. நெஞ்சு, வயிறு வெள்ளை. ரெக்கை இருட்டு. வாலு குட்டையா முக்கோணம் மாதிரி விரிஞ்சிருக்குது. கடற்கழுகு. வெண்வயிற்றுக் கடற்கழுகு, கடலோரத்துல இருக்க வேண்டியது, விருத்தாசலத்துல பீங்கான் கம்பெனிக்கு மேல வட்டம் போடுது. ஹெட்டு எழுந்த வேகத்துல அவரு டீ கவுந்து என் புடவையில ஊத்துச்சு. நான் திட்டல, நானும் எழுந்து நின்னுட்டேன். அவரு போன்ல இருக்குற ஆப்புல அந்தப் படத்த காமிச்சாரு, அதுவும் கடற்கழுகுன்னே சொல்லுச்சு. போதாதா? மனுசன் நாற்காலியச் சுத்தி ஆடினாரு. சத்தியமா ஆடினாரு, நான் பாத்தேன்.

ஆடி முடிச்சதும் முதல் போன் மெட்ராசுக்கு, எங்க பெரிய ஆபீசுக்கு. ரெண்டாவது போன் நூருக்கு. போஸ்ட்டு உனக்குத்தாம்மா, இதுக்கு மேல என்னா வேணும்னு சொல்லிட்டாரு. போனுக்கு அந்தப் பக்கம் அவ அழுதது ஸ்பீக்கர்ல எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. நானும் அழுதேன். சந்தோசத்துல அழுதா மூக்கு ஒழுகுதுங்கறது எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

மெட்ராசுல இருந்து உடனே பதில் வந்துடுச்சு. ஞாயித்துக்கெழமை காலையில ரயில்ல நாலு பேரு வராங்க, பறவைய நேர்ல பாக்கணுமாம். ஹெட்டுக்கு தலைகால் புரியல. யாரு எங்க உக்காரணும், எந்த ஓட்டல்ல பொங்கல், வடைக்கு சட்னியா சாம்பாரான்னு ஒரே அமளி. என்னைக் கூப்பிட்டு, ஏம்மா, அந்த மூணாவது போட்டோவ பெருசு பண்ணு, வாலுக்குப் பின்னாடி ஏதோ லென்ஸ் அழுக்கு தெரியுது, அத எடுத்துட்டு பளிச்சுன்னு பிரிண்டு போடு, ஸ்டுடியோ வேலை உனக்கு சொல்லித் தரணுமான்னாரு.

சனிக்கெழமை மத்தியானம் உக்காந்தேன். வாலுக்குப் பின்னாடி வெள்ளையா ஒரு சின்னக் கறை. பரு எடுத்துப் பழகின கை, ஒரு நிமிசத்துல எடுத்துடும். ஆனா ஸ்டுடியோவுல ஒரு பழக்கம் உண்டு, லென்ஸ் அழுக்குன்னா அந்த ரோல்ல இருக்குற எல்லாப் படத்துலயும் அதே எடத்துல இருக்கும், எல்லாத்தையும் சேத்தே தொடைச்சுடலாம். அதனால மத்த போட்டோவையும் தொறந்தேன். நாலாவதுல கறை இருக்குது. அஞ்சாவதுலயும் இருக்குது. ஆனா அதே எடத்துல இல்ல.

பறவை எடது பக்கம் இருந்தா கறை எடது பக்கம். பறவை நடுவுக்கு வந்தா கறையும் நடுவுக்கு வருது. எப்பவும் வாலுக்குப் பின்னாடி. போகப் போக பெருசாகி, மெலிஞ்சு, காணாமப் போவுது. லென்ஸ் அழுக்கு எங்கயாவது பறவை கூட பறக்குமா? பிரிண்டு போடுறத வுட்டுட்டு, ஹெட்டு குப்பைன்னு சொன்ன போட்டோவ எல்லாம் ஒண்ணு ஒண்ணா பாக்க ஆரம்பிச்சேன்.

ஏழாவது ரொம்பக் கலங்கினது. ஆனா அதுல ஒரு காக்கா அந்தப் பறவையோட வாலைப் புடிச்சு இழுக்குது. ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்குது. கடற்கழுகு பக்கத்துல காக்கா போனா ஆட்டோ பக்கத்துல சைக்கிள் மாதிரி தெரியணும். இங்க அண்ணன் தம்பி மாதிரி தெரியுது. வானத்துல தனியா இருக்குற பறவைக்கு அளவே கெடையாதுப்பா, அத ஞாபகம் வச்சுக்கங்க, நம்ம ஆசை எவ்வளவு பெருசோ அவ்வளவு பெருசா தெரியும். கடைசிப் போட்டோவுல பறவை திரும்புது, வாலை மடக்கியிருக்குது. நுனியில உள்பக்கமா ஒரு வெட்டு. பருந்து வாலு. விரிச்சா அந்த வெட்டு மறைஞ்சு முக்கோணமாத் தெரியும், மூணாவது போட்டோவுல விரிச்சிருந்துது. ரெக்கையும் கடற்கழுகு மாதிரி மேல தூக்கி இல்ல, மட்டமா, மணிக்கட்டு கிட்ட லேசா மடங்கி இருக்குது. கழுகு இல்ல. நம்ம கறிக்கடைக்கு மேல தெனம் சுத்துற சாதாரணப் பருந்து.

அப்ப வெள்ளை எங்க இருந்து வந்துது? பருந்து பழுப்பு. வெட்டு வாலோட வெள்ளைப் பருந்து எந்தப் புஸ்தகத்துலயும் கெடையாது. நான் தலையில கைய வச்சுக்கிட்டு ஜன்னல் வழியா கீழ பாத்தேன். ஹெட்டு ஓட்டலுக்குக் கெளம்புறாரு. ஸ்கூட்டர் கிட்ட போனாரு, தோள்ல இருந்த துண்டை எடுத்தாரு, சீட்டு மேல படார் படார்னு ரெண்டு தட்டு தட்டினாரு. வெள்ளையா ஒரு புகை கெளம்பி வண்டிக்குப் பின்னாடி மெதந்துது. அப்புறம் உக்காந்து போயிட்டாரு.

நான் சிரிச்சேன் பாருங்க. தனியா உக்காந்துக்கிட்டு பைத்தியம் மாதிரி சிரிச்சேன். நம்ம தெருவுல யாரு அப்படித் தட்டாம வண்டியில உக்காருறாங்க? பீங்கான் மண்ணு. வண்டியில, செருப்புல, ஆட்டுக்குட்டி முதுகுல, கொடியில காயுற துணியில, எங்க பாத்தாலும் வெள்ளைப் பொடி. பொறந்ததுல இருந்து பாத்துப் பாத்து அது எங்க கண்ணுலயே படுறதில்ல. வேற ஊருக்காரங்களா இருந்தா மொத ஆளா மண்ணுன்னு சொல்லியிருப்பாங்க. நாங்க கடல்ல இருந்து கழுகக் கூட்டிட்டு வந்துட்டோம். பள்ளமெல்லாம் வத்திப் போச்சு, தண்ணி இருக்குறது கம்பெனிங்க களிமண்ணக் கரைச்சு வுடுற தொட்டியில மட்டும்தான். வெயில் தாங்காம பருந்து அதுல முங்கிக் குளிச்சிருக்குது. காஞ்சதும் மேல போயி ஒரு ஒதறு ஒதறியிருக்குது. வாலுக்குப் பின்னாடி இருந்த கறை அந்தப் பொடி.

சிரிச்சு ஓய்ஞ்சதும்தான் நூரு ஞாபகம் வந்துது. சரியா அப்பதான் அவ படி ஏறி வந்தா. கையில டிபன் பாக்ஸ், வூட்டுல ரவையும் பாலும் போட்டு தம்ரூட் இனிப்பு செஞ்சிருக்காங்க, மொதத் துண்டு எனக்குத்தானாம். என் வாயில அவளே ஊட்டினா. ஊட்டிக்கிட்டே சொன்னா.

"அக்கா, அவங்க வேலைய வுட்டுடுறேன்னு எழுதிக் குடுத்துட்டாங்களாம். என்னைக் கேக்கக் கூட இல்ல. போஸ்ட்டு கெடைச்சுடுச்சுன்னு சொன்னேன், அடுத்த நிமிசம் குடுத்துட்டாங்க."

வாய் நெறைய தம்ரூட். முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. அவ மூஞ்சியில இருந்த சந்தோசத்தப் பாத்தா எனக்கு அந்த மாடியில இருந்து குதிச்சுடலாம் போல இருந்துச்சு. எப்படியோ முழுங்கிட்டு, உக்காரு நூருன்னு சொல்லி, போட்டோவ எல்லாம் வரிசையா காமிச்சேன். கறைய, காக்காவ, வாலை. கடைசிப் போட்டோவ மட்டும் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தா.

உள்ளதச் சொல்றேன், எனக்கு அப்ப நேர்மையெல்லாம் பெருசாத் தெரியல. பஷீரு குவைத்துல மூட்டை கட்டுறதுதான் தெரிஞ்சுது. சந்தேகம்னு எழுதி வச்சுடலாம் நூரு, நாளைக்கு அது வராமலே போகலாம், வந்தாலும் தூரத்துலதான் பறக்கும், யாரும் கண்டுபுடிக்கப் போறதில்ல, திங்கக்கெழமை தாண்டிட்டாப் போதும்னேன். அவ டிபன் பாக்ஸ மூடினா.

"அடுத்த வாரம் நான் இன்னொரு போட்டோ அனுப்புவேன். அத நீங்க நம்பணும் இல்லக்கா?"

பேப்பர எடுத்து பருந்துன்னு எழுதி கையெழுத்துப் போட்டேன். வெள்ளைக்குக் காரணம் மண்ணா இருக்கலாம்னு கீழ எழுதினேன், ஏன்னா பருந்துங்கறது எனக்கு நிச்சயம், மண்ணுங்கறது யூகம். ரெண்டையும் ஒரே வரியில கலக்காம எழுதணும்ப்பா, எவ்வளவு அவசரம்னாலும்.

ஹெட்டு வந்து படிச்சாரு. மொதல்ல நம்பல. ஆப் சொல்லுது, நீ இல்லங்கறியா, வர்றவங்களுக்கு நான் என்னா பதில் சொல்றது, பொங்கல் சொல்லியாச்சு, வடை சொல்லியாச்சுன்னு குதிச்சாரு. மனுசனுக்கு பறவைய விட வடைதான் அதிகக் கவலையா இருந்துச்சு. போட்டோவ எல்லாம் காமிச்சேன். காக்காவப் பாத்ததும் அவரு குரல் எறங்கிடுச்சு. ஆனாலும் கோபம். நூருவப் பாத்து, உன் போஸ்ட்டப் பத்தி திங்கக்கெழமை பேசுவோம்மான்னுட்டாரு. என்னைப் பாத்து, ஸ்டேஷனுக்கு வந்து நீயே அவங்ககிட்ட சொல்லிக்கன்னுட்டாரு. அவ்வளவுதான்னு நெனச்சேன். அவ தலைய நிமுத்திக்கிட்டே படி எறங்கினா.

ஞாயித்துக்கெழமை காலையில பிளாட்பாரத்துல நாங்க மூணு பேரும் வரிசையா நிக்கிறோம், எழவு வூட்டுக்கு வந்தவங்க மாதிரி. ரயில் வந்துது. நாலு பேரு எறங்கினாங்க, ஆளுக்கு ஒரு கேமரா, லென்ஸு தண்ணிக்குடம் அளவு. அவங்கள்ல பெரியவங்க ஒரு அம்மா, முடியெல்லாம் வெள்ளை, வாயெல்லாம் சிரிப்பு. வணக்கம் சொன்ன கையோட நான் ஒரே மூச்சுல ஒப்பிச்சுட்டேன். அம்மா, கழுகு இல்ல, பருந்து, மண்ணுல குளிச்சிருக்கும்னு நெனைக்கிறோம், இவ்வளவு தூரம் பயணம் பண்ணி வந்திருக்கீங்க, மன்னிச்சுடுங்கன்னு. ஹெட்டு வானத்தப் பாக்குறாரு. அந்த அம்மா என்னைப் பாத்தாங்க, நூருவப் பாத்தாங்க. வந்தது வந்துட்டோம், பொங்கல சாப்பிட்டுட்டு அந்தப் பருந்தையே பாத்துடுவோம்னாங்க.

கம்பெனிக்குப் பின்னாடி ஒரு வேப்பமரத்து நெழல்ல நின்னோம். தொட்டியில பால் மாதிரி தண்ணி. வெயில் ஏறுது, ஒண்ணும் வரல. ஹெட்டு கைக்குட்டையால கழுத்தத் தொடைச்சுக்கிட்டே இருக்காரு. நூரு உதட்டுக்குள்ள ஏதோ ஓதிக்கிட்டு இருக்கா. நானும் பழமலைநாதரக் கூப்பிட்டேன், ஒரு பருந்துக்காக அவர நான் கூப்பிட்டது அதுதான் மொதத் தடவை. கடைசியில வந்துது. பழுப்பா, சாதாரணமா, வாலுல வெட்டோட ஒரு பருந்து, சொவத்து மேல வந்து உக்காந்துது. எங்கள ஒரு பார்வை பாத்துது. தொட்டி ஓரமா எறங்கி, கல்யாண வூட்டுக்குக் கெளம்புற மாதிரி தலை முங்கிக் குளிச்சுது பாருங்க. மறுபடி சொவத்துல ஏறி ரெக்கைய விரிச்சுக் காய வச்சுது. எங்க கண்ணு முன்னாடியே தலையும் வயிறும் கொஞ்சம் கொஞ்சமா வெளுத்துது, ரெக்கையில ஒட்டினது அடிக்கும்போதே உதிர்ந்துடுச்சு. அப்புறம் எழும்பி, வட்டம் போட்டு, மேல போயி, வெள்ளைத் தலை, வெள்ளை வயிறு, இருட்டு ரெக்கை, அச்சு அசல் கடற்கழுகு. அங்க நின்னு ஒடம்ப ஒரு ஒதறு. பொசுக்குன்னு ஒரு வெள்ளைப் புகை.

அந்த அம்மாதான் மொதல்ல சிரிச்சாங்க. அப்புறம் எல்லாரும். லென்ஸுக்காரங்க ஒருத்தர ஒருத்தரு புடிச்சுக்கிட்டு சிரிக்கிறாங்க. அந்த நேரம் பாத்து பின்னாடியே ரெண்டு காக்கா வந்து தொட்டியில முங்கி வெள்ளைக் காக்காவா எழும்புச்சு. ஹெட்டுக்கு தாங்கல, வயித்தப் புடிச்சுக்கிட்டு வேப்பமரத்தடியிலயே உக்காந்துட்டாரு. எழுந்திரிச்சப்ப அவரு பேண்ட்டு பின்பக்கம் வெள்ளை. அவரு வழக்கம் போல தட்டினாரு. புகை கெளம்புச்சு. அவ்வளவுதான், மறுபடியும் ஆரம்பிச்சுட்டோம்.

சிரிப்பு அடங்கினதும் அந்த அம்மா நூரு கேமராவ வாங்கி எல்லா போட்டோவையும் பாத்தாங்க. இதுல எதை ஆபீசுக்கு அனுப்பினீங்கன்னு கேட்டாங்க. எல்லாத்தையும்னு அவ சொன்னா. எனக்கு அடக்க முடியல. நூரு எங்க சட்டப்படி ஒண்ணே ஒண்ணு அனுப்பியிருந்தா மூணாவதத்தான் அனுப்பியிருப்பா, அது ஒண்ணுதான் நல்லா இருந்துச்சு, நான் கறையத் தொடைச்சு பிரிண்டு போட்டிருப்பேன், இந்நேரம் அது ரிப்போர்ட்டுல கழுகா ஏறியிருக்கும் அம்மான்னு போட்டு ஒடைச்சுட்டேன். ஹெட்டு என்னை முறைச்சாரு. முறைச்சவரு அப்படியே நூரு பக்கம் திரும்பினாரு.

"திங்கக்கெழமை வரைக்கும் எதுக்கும்மா. இன்னைக்கே சேந்துக்க. உன் வூட்டுக்காரர வரச் சொல்லு."

நல்ல மனுசன்னு சொன்னேன் இல்ல. சேத்தியாத்தோப்புக்காரருக்கு அடுத்த சீசன்ல எடம் கெடைச்சுது, அவரும் இப்ப கொத்து கொத்தாத்தான் அனுப்புறாரு. அன்னைக்கு வந்த சட்டம்தான் நீங்க டீக்கடையில திட்டுற சட்டம். எடுத்தது எல்லாத்தையும் அனுப்பணும், எதையும் வெட்டக் கூடாது, தொடைக்கக் கூடாது.

இன்னும் ஒண்ணு இருக்குது. பஷீரு வந்து சேந்துட்டாரு. கடையப் பெருசு பண்ணி, கப்புல போட்டோ போட்டு சூளையில சுட்டுத் தர்றாரு, இப்ப கல்யாணத்துக்கெல்லாம் அதுதான் கேக்குறாங்க. நான் ரிட்டயர்டு ஆன அன்னைக்கு எனக்கு ஒரு கப்பு கொண்டாந்தாரு. அந்த மூணாவது போட்டோ. எல்லாரும் கை தட்டினாங்க. நூரு கப்ப வாங்கித் திருப்பிப் பாத்தா. மூஞ்சி மாறிடுச்சு. கறை எங்கேங்கன்னு கேட்டா. அவரு பெருமையா, அழுக்கா தெரிஞ்சுது, நானே ஒக்காந்து தொடைச்சேன், இப்ப எவ்வளவு பளிச்சுன்னு இருக்குது பாருன்னாரு. ஹெட்டு வாயப் பொத்திக்கிட்டாரு.

"அந்த அழுக்கு இல்லன்னா நீங்க இன்னும் குவைத்துலதாங்க இருப்பீங்க" ன்னா நூரு.

பாவம், மனுசன் கப்ப வாங்கிக்கிட்டு நேரா கடைக்குப் போயிட்டாரு. மறுநாள் வேற கப்பு வந்துது. அதுதான் இந்த மேசை மேல இருக்குது, வூட்டுக்கு எடுத்துட்டுப் போக மனசு வரல, உங்களுக்கே வச்சுட்டேன். யாரு வேணும்னாலும் இதுல டீ குடிங்க. குடிச்சுட்டு கழுவி வைங்க. வாலுக்குப் பின்னாடி வெள்ளையா ஒண்ணு தெரியும். போகலையேன்னு அதையே போட்டுத் தேய்க்காதீங்க. அது சூளையில வச்சு சுட்டது, போகாது.